நுண்கடன் வாங்கினால் மகசூல் கூடுமா? தொகையா, வட்டியா, தவணை நாளா?

#1 | வரப்பு

நுண்கடன் பேச்சு எங்கே தொடங்கினாலும் வட்டியில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒரு கட்சி கைகொடுக்கிறது என்கிறது, இன்னொரு கட்சி கழுத்தை நெரிக்கிறது என்கிறது. இந்தச் சத்தத்தில் கேட்காமல் விட்டுப்போகும் கேள்வி: அந்தப் பணம் வயலுக்குள் இறங்கியதா? இறங்கியிருந்தால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ கூடுதலாக வந்தது?

சிறு நிலம், ஒரு பருவப் பயிர், பிணையில்லாக் குழுக்கடன். இதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாம். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்கோடு வரவும். சொந்தக் கதை, சோகக் கதைக்கு வேறு இழை இருக்கிறது.

#2 | கணக்குப்பிள்ளை

கணக்கில் தொடங்குகிறேன். கடன் 10,000. ஃபிளாட் வட்டி 12 சதவீதம். 50 வாரத் தவணை. மொத்தம் கட்ட வேண்டியது 11,200, வாரத்துக்கு 224. மிகப் பரவலாக நடப்பது இந்த அமைப்புதான்.

பணம் கைக்கு வந்த வாரமே விதைத்தாயிற்று என்று வையுங்கள். அறுவடை முடிந்து விற்றுக் காசாக 16 வாரம் ஆகும். அதற்குள் 16 × 224 = 3,584 திரும்பிப் போய்விட்டது. வயல் இன்னும் ஒரு மணி தானியம்கூடத் தரவில்லை. ஆக, பயிருக்கென்று வாங்கிய 10,000-ல் பயிர் முடியும்வரை தங்கியது 6,416 மட்டும். அந்த 3,584-ஐ வேறு வழியில் ஈட்டிக் கட்டினால் பத்தாயிரமும் வயலிலேயே இருக்கும். ஆனால் அந்த வேறு வழி பெரும்பாலும் பக்கத்து நிலத்தில் கூலி வேலை. சொந்தப் பயிருக்குக் களை எடுக்க வேண்டிய அதே நாட்களில்.

இன்னொரு அமைப்பு: அதே 10,000, ஆண்டுக்கு 24 சதவீதம், ஐந்து மாதம் கழித்து ஒரே தடவையாகக் கட்டுவது. வட்டி 1,000. பருவம் முழுக்கப் பத்தாயிரமும் வயலில்.

காகிதத்தில் 12-க்கும் 24-க்கும் இரட்டை வித்தியாசம் தெரியும். அசல் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தும், முழுத் தொகைக்கும் வட்டி போடுவதுதான் ஃபிளாட். அதைக் குறையும் நிலுவைக்கு மாற்றிப் பாருங்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 23.5 சதவீதம் வரும். எடுக்கும்போதே 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம் பிடித்தால் கைக்கு வருவது 9,800, உண்மை வட்டி 28-ஐத் தொட்டுவிடும். "12 சதவீதம்தான்" என்று யாராவது சொன்னால் முதலில் ஃபிளாட்டா என்று கேளுங்கள்.

#3 | மண்வெட்டி

பிள்ளை சொன்ன 3,584 எந்த வாரங்களில் போகிறது என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பயிருக்குப் பணம் ஒரே நாளில் தேவைப்படுவதில்லை, நாலைந்து தடவை தேவைப்படுகிறது. 120 நாள் நெல்லென்றால் உழவும் விதையும் அடியுரமும் ஒரு செலவு. நட்ட 20-25 நாளில் தூர்கட்டும் பருவத்து மேலுரம், 40-45 நாளில் கதிர் உருவாகும் பருவத்து மேலுரம். இடையில் களைக்கூலி. மக்காச்சோளத்துக்கு முழங்கால் உயரத்தில் ஒரு மேலுரம், பூங்கொத்து வெளிவருமுன் இன்னொன்று.

வாரத் தவணை எதைத் தின்கிறது? உழவையும் விதையையும் தின்ன முடியாது, அவை முதல் வாரமே முடிந்துவிட்டன. தின்பது மேலுரத்தையும் களையையும். விதையும் அடியுரமும் போட்டு ஆளை நிமிர்த்திவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துவிட்ட கதை.

தழைச்சத்தை (நைட்ரஜனை) பத்து நாள் தள்ளிப் போட்டால் பத்து நாளுக்கு உரிய பங்குதானே குறையும் என்று நினைக்கிறார்கள். கதிரில் எத்தனை மணி என்பது கதிர் உருவாகும் நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது. பூத்த பிறகு கொட்டும் யூரியா இலையைப் பச்சையாக்கும், மணி எண்ணிக்கையைக் கூட்டாது. களையும் அப்படியே. மக்காச்சோளம் முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை சுத்தமாக இருக்க வேண்டும். எட்டாம் வாரம் எடுக்கும் களைக்கும் அதே கூலிதான், பலன் பாதிகூட வராது.

கடன் ஒரு மாதம் தாமதமாக வந்தாலும் இதே விபத்துதான். குழு அமைத்து, பயிற்சிக் கூட்டம் முடித்து, ஒப்புதல் வந்து, பணம் கைக்கு வரும்போது மழை பெய்து நிலம் காய்ந்திருக்கும். அப்புறம் அந்தப் பணம் வேறு எதற்காவது செலவானால் "நோக்கம் மாறிப் பயன்படுத்தினார்" என்று படிவத்தில் எழுதிக்கொள்வார்கள்.

#4 | ஏட்டுச்சுரைக்காய்

என் பெயருக்கேற்ற வேலையைச் செய்கிறேன்: ஆய்வுகள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கடன் வாங்கியவர் மகசூலையும் வாங்காதவர் மகசூலையும் ஒப்பிட்டு "15 சதவீதம் கூடுதல்" என்று வரும் அறிக்கைகளை ஓரம் கட்டிவிடலாம். சுறுசுறுப்பானவர், தண்ணீர் வசதி உள்ளவர், நல்ல மண் வைத்திருப்பவர்தான் முதலில் கடன் கேட்கிறார். அவருக்குக் கடன் இல்லாவிட்டாலும் கூடுதலாகத்தான் விளைந்திருக்கும். அதனால் குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2015-ல் ஆறு நாட்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின: போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. ஒட்டுமொத்தமாகச் சொன்னால், தொழிலில் முதலீடு கூடுகிறது, சராசரிக் குடும்ப வருமானத்தில் பெரிய பாய்ச்சல் எங்கும் இல்லை.

நம் தலைப்புக்கு நெருக்கமானது மொராக்கோ. முழுக்கக் கிராமப்புறம், 162 ஊர்கள், இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஒன்றில் மட்டும் கடன் வசதி. கடன் வந்த ஊர்களில்கூட வாங்கியது 13 சதவீதக் குடும்பங்கள்தான். வாங்கியவர்கள் புதுத் தொழில் தொடங்கவில்லை, இருக்கிற பயிரையும் கால்நடையையும் விரித்தார்கள். சராசரி இலாபம் கூடியது. அதே நேரம் வெளியே கூலிக்குப் போவது குறைந்தது. கூட்டிக் கழித்தால் வீட்டுச் செலவழிப்பில் மாற்றமில்லை.

உற்பத்தி கூடினால் வருமானமும் கூடும் என்று பலரும் ஒரே மூச்சில் சொல்வதை மொராக்கோ இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

#5 | வசூல்பை

கடன் கொடுக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வாரத் தவணையை ஏதோ கொடுமைக்காக வைத்தது போலப் பேசுகிறீர்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

பிணையில்லாக் கடனில் நிறுவனத்துக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு தவறிய தவணைதான். வாரத் தவணையென்றால் ஒருவர் தடுமாறுவது மூன்றாம் வாரமே தெரிந்துவிடும். ஐந்து மாதம் கழித்து ஒரே தடவை கட்டும் கடனில், போனது போனபிறகுதான் தெரியும். 30 நாளுக்கு மேல் தவறிய கடன்களின் நிலுவை எவ்வளவு என்ற ஒற்றை எண்ணை வைத்துத்தான் மேலிடமும் முதலீட்டாளரும் கிளையை எடைபோடுகிறார்கள். பயிர்க்கடனில் அந்த எண் ஆறு மாதம் சுத்தப் பூஜ்யமாக இருக்கும், திடீரென்று ஒரு நாள் வெடிக்கும்.

அடுத்தது கையிருப்பு. எல்லாரும் ஒரே மாதத்தில் கேட்பார்கள், ஒரே மாதத்தில் திருப்புவார்கள். விதைப்பு மாதம் பெட்டி காலி, அறுவடைக்குப் பிறகு பணம் சும்மா தூங்கும். தூங்கும் பணத்துக்கும் நிறுவனம் வங்கிக்கு வட்டி கட்டுகிறது. கடைசியாக, ஒரே பயிருக்கு ஒரே வட்டாரத்தில் கொடுத்தால் ஒரு வறட்சி கிளையையே சாய்த்துவிடும்.

கருணைக் காலம் கொடுத்துப் பார்த்த சோதனையும் உண்டு. கொல்கத்தாவில் முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்து வைத்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. தொழிலில் போட்ட முதலும் இலாபமும் கூடின, கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். நகர்ப்புறச் சிறுதொழில்தான், ஆனாலும் இரண்டு பக்கமும் உண்மை என்பதற்குச் சாட்சி.

#6 | கணக்குப்பிள்ளை

@வசூல்பை, காரணம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் வசூலிக்க வசதியானதும் விளைச்சலுக்கு உதவுவதும் ஒன்றல்ல. வாரத் தவணை என்றாலே கடன் வாங்குபவர் வாரச் சம்பாத்தியம் உள்ளவராக இருந்தாக வேண்டும். அப்படியானால் நீங்கள் அடகு பிடிப்பது அவருடைய கூலி வருமானத்தை. பெயருக்குத்தான் அது பயிர்க்கடன்.

#7 | வசூல்பை

அதை ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கடன் மதிப்பீட்டுப் படிவத்தில் கள அலுவலர் முதலில் பார்ப்பது நிலத்தை அல்ல. வீட்டில் வாரச் சம்பளமோ கூலியோ வாங்குபவர் எத்தனை பேர் என்பதைத்தான்.

#8 | புதுமழை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அப்படியென்றால் கறவை மாட்டுக்கு வாரத் தவணை பொருந்தும்தானே? பால் காசு வாராவாரம் வருகிறது.

#9 | மண்வெட்டி

பொருந்தும். ஓர் ஓட்டையை அடைத்தால்.

மாடு ஏறத்தாழ 305 நாள் கறக்கும், அடுத்த ஈத்துக்கு, அதாவது அடுத்த கன்று போடுவதற்கு, முன் 60 நாள் வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதம் பால் காசு சுழியம், தீவனச் செலவு அப்படியே. தவணை அட்டையில் இந்தப் பள்ளம் இருக்காது. அந்த 60 நாளைக் கடக்கத்தான் இரண்டாவது நிறுவனத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது. அல்லது வற்றவே விடாமல் கறப்பார்கள், அடுத்த ஈத்தில் பால் குறையும்.

இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்து, கன்று போட்டு ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடாக வாங்கினால் ஓராண்டுக் கடனின் பெரும்பகுதியும் பால் காலத்துக்குள்ளேயே முடியும். கறந்து ஏழு மாதமான மாட்டை விலை மலிவென்று கடனில் வாங்குவதுதான் வழக்கமான தவறு. மூன்று மாதத்தில் பால் நின்றுவிடும், தவணை நிற்காது. இன்னொன்று, கடன் தொகை முழுவதையும் மாட்டு விலைக்கே கொடுத்துவிட்டுத் தீவனத்துக்குக் கையைப் பிசைவது. முதல் இரண்டு மாத அடர்தீவனச் செலவைக் கடனிலேயே எடுத்து வைக்க வேண்டும். கன்று போட்ட ஆரம்பத்தில் தீவனம் குறைந்தால் உச்சப்பால் இறங்கும், உச்சம் இறங்கினால் அந்த ஈத்து முழுவதும் இறங்கும்.

#10 | வரப்பு

நல்லது, பயிருக்குத் திரும்புவோம். தவணை நாளைச் சரிசெய்துவிட்டால் மகசூல் தானாகக் கூடிவிடுமா? அப்படியும் கூடாத இடங்கள் இருக்கின்றனவே.

#11 | மண்வெட்டி

கூடாது. மண் பதில் சொல்ல வேண்டும்.

50 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 23 கிலோ. நல்ல மண்ணில், ஈரம் இருந்து, நல்ல விதை போட்டால் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 15 கிலோ தானியம் கூடுதலாக எதிர்பார்க்கலாம். 23 × 15 = 345 கிலோ. தேய்ந்துபோன, புளித்த மண்ணில் அதே மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு 6 கிலோ வந்தாலே பெரிது. 138 கிலோ.

ஒரு மூட்டையின் விலை 100 கிலோ தானிய விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவக் கடன் வட்டி 10 சதவீதம் சேர்த்தால் 110 கிலோ. முதல் நிலத்தில் 235 கிலோ மிச்சம். இரண்டாவதில் 28 கிலோ. உரம் தூவிய கூலி, கூடுதலாக அறுத்து அடித்த கூலி கழித்தால் அந்த 28-ம் காணாமல் போகும்.

கூடுதல் விளைச்சலின் மதிப்பு உரச் செலவைப்போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் சிறு விவசாயி துணியலாம் என்று உழவியலில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முதல் நிலத்தில் 3.45 மடங்கு, இரண்டாவதில் 1.38. இரண்டாவது நிலத்துக்காரருக்குக் கடன் கொடுப்பது உதவியே இல்லை. தவணை நாளை எப்படி மாற்றினாலும் அந்த 1.38 மாறப்போவதில்லை.

மண்ணின் கார அமிலநிலை (pH) 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணிலேயே கட்டுண்டு போகும். மருந்து சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பின் பலன் மூன்று நாலு பருவத்தில் பிரிந்து வரும், ஐந்து மாதக் கடன் அதற்குச் சரிப்படாது. சொட்டுநீர்க் குழாய், கிணறு ஆழப்படுத்துதல், உழவு மாடு எல்லாம் இந்த வகை. ஒரு பருவத்தில் பலன் தராத பொருளை ஒரு பருவக் கடனில் வாங்கினால், அதை விற்றுத்தான் கடனைக் கட்ட வேண்டியிருக்கும்.

நுண்கடன் தொகை சிறியது, காலம் குறுகியது. அதனால் அது பெரும்பாலும் உரத்துக்கும் விதைக்கும் போகிறது. மண்ணைத் திருத்தும் முதலீட்டுக்குப் போவதே இல்லை. ஆண்டுதோறும் உரக் கடன், ஆண்டுதோறும் அதே 1.38.

#12 | ஏட்டுச்சுரைக்காய்

மண்வெட்டி சொன்னதற்கு மாலி நாட்டு ஆய்வு நேரடி ஆதாரம். 198 ஊர்களில் 88 ஊர்களுக்குக் கடன் வசதி வந்தது. பெண்கள் குழுக்களுக்குப் பயிர்ச் செலவுக்கான கடன், அறுவடைக்குப் பின் ஒரே தடவையில் திருப்புவது. அதாவது நாம் கேட்கிற அமைப்பேதான். வாங்கியது ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம்.

நுணுக்கம் அடுத்த கட்டத்தில். கடன் வராத ஊர்களில் குலுக்கிச் சில குடும்பங்களுக்கு இலவசமாகப் பணம் கொடுத்தார்கள். முதலீடும் இலாபமும் கூடின. கடன் வந்த ஊர்களில், கடன் வேண்டாமென்று ஒதுங்கியிருந்தவர்களில் சிலருக்கும் அதே இலவசப் பணம் கொடுத்தார்கள். அவர்கள் இலாபம் கூடவில்லை. ஒதுங்கியவர்கள் அறியாமையால் ஒதுங்கவில்லை, தங்கள் நிலத்தின் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லாரையும் கடனுக்குள் இழுக்க வேண்டும் என்று இலக்கு வைக்கும் திட்டங்கள் இதைப் படிப்பது நல்லது.

ஆபத்தைப் பற்றி: வடக்கு கானாவில் சிலருக்குப் பணம், சிலருக்கு மழைக் காப்பீடு, சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியானது. காப்பீடு கிடைத்தவர்கள் நிலத்தில் போட்ட முதலை நன்றாகக் கூட்டினார்கள். பணம் மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வேகம் இல்லை. கையில் காசில்லை என்பதைவிட, மழை பொய்த்தால் என்ன ஆவது என்ற பயமே அங்கே பெரிய கட்டு.

சரி, கடனோடு காப்பீட்டைக் கட்டிவிடலாமா? மலாவியில் அப்படிச் செய்து பார்த்தார்கள். விதைக் கடனை மட்டும் கொடுத்தபோது 33 சதவீதம் பேர் வாங்கினார்கள். காப்பீட்டுக் கட்டணம் சேர்த்துக் கட்டாயமாக்கியபோது 17-18 சதவீதம்தான். பிணையில்லாக் கடனில் பயிர் கெட்டால் கட்டாமல் விடலாம் என்ற மறைமுகக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறதே, அதற்குமேல் எதற்குக் காசு என்று ஒரு விளக்கம்.

#13 | வசூல்பை

கடைசி வரி எங்கள் தரப்புக்குக் கசக்கும், ஆனால் சரி. குழுப் பொறுப்பும், அதாவது ஐந்து பேர் குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவது, அங்கேதான் உடைகிறது. ஒருவர் வீட்டில் நோய் வந்தால் மற்ற நால்வர் தாங்குவார்கள். வறட்சி ஐவரையும் ஒரே நாளில் அடிக்கும்போது யார் யாரைத் தாங்குவது? பயிரில் குழுப் பொறுப்பு என்பது வெயில் காலத்துக்கு மட்டும் விரியும் குடை.

பிலிப்பீன்சில் ஏற்கெனவே இருந்த குழுக்களைத் தனிநபர் பொறுப்புக்கு மாற்றிப் பார்த்தார்கள், வசூல் குறையவில்லை. அப்புறம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று கேட்டால், மாற்ற மனம் வரவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

குழு இன்னொரு கெடுதலும் செய்கிறது. உறுப்பினர் ஒருவர் ஆபத்து கூடுதலான, வரவும் கூடுதலான பயிருக்கு மாற நினைத்தால் மற்றவர்கள் தடுப்பார்கள். தோற்றால் பங்கு அவர்களுக்கு, ஜெயித்தால் இலாபம் அவருக்கு மட்டும். யார்தான் சம்மதிப்பார்?

#14 | ஏட்டுச்சுரைக்காய்

அதையொட்டி மேற்கு வங்கத்தில் ஓர் ஆய்வு. ஒரு வகை ஊர்களில் வழக்கமான குழுக்கடன். இன்னொரு வகையில் உள்ளூர் வியாபாரியை முகவராக வைத்து அவர் பரிந்துரைத்தவர்களுக்குத் தனிநபர்க் கடன், 120 நாள், ஆண்டுக்கு 18 சதவீதம். இரண்டாவதில் உருளைக்கிழங்கு உற்பத்தி கால் பங்குக்கு மேலும், பண்ணை வருமானம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் கூடின. குழுக்கடனில் சொல்லும்படி ஒன்றுமில்லை. யாருக்கு நிலம் நடத்தத் தெரியும் என்பது வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. வியாபாரியை நம்பலாமா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

#15 | களஞ்சியம்

இவ்வளவு நேரமும் விதைப்புக் கடனையே பேசுகிறீர்கள். அறுவடைக் கடனை யாரும் தொடவில்லை.

கென்யாவில் அறுவடை நேரத்தில் கடன் கொடுத்தார்கள். எதற்கு? அவசரச் செலவுக்குத் தானியத்தை அடிமாட்டு விலைக்கு விற்காமல் நாலைந்து மாதம் சேமித்து, பஞ்ச மாதத்தில் விற்க. கடனுக்கு ஏறத்தாழ 29 சதவீதம் வரவு கிடைத்தது. 2019-ல் வெளியானது. ஊரில் நிறையப் பேர் சேமித்தபோது அறுவடைக்கால விலையே சற்று ஏறியது. கடன் வாங்காதவருக்கும் அதில் பங்கு கிடைத்தது, வாங்கியவரின் தனி இலாபம் மெலிந்தது.

மகசூல் ஒரு கிலோகூட ஏறாமல் நிலத்தின் வரவு ஏறிய இடம் இது.

கெடுவது சேமிப்பில். மக்காச்சோளம் 13.5 சதவீத ஈரத்துக்குக் கீழே காய வேண்டும். ஈரமானி இல்லையென்றால் உப்புச் சோதனை செய்யலாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் உலர்ந்த தூள் உப்பு, அதன்மேல் தானியம், மூடி ஓரிரு நிமிடம் குலுக்கி அப்படியே வைக்கவும். உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி காய வையுங்கள். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுவது நல்லது, 15-க்கும் 13.5-க்கும் இடையில் இந்தச் சோதனை வாய் திறக்காது.

காற்றுப்புகாப் பையென்றால் வெளியே நெய்த சாக்கு, உள்ளே இரண்டு பாலித்தீன் உறை. உள் உறையைக் காற்றை அழுத்தி வெளியேற்றி முறுக்கி, மடக்கிக் கட்டி, அடுத்ததைத் தனியாக, சாக்கைத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கட்டுப் போட்டால் காற்று கசியும், வண்டு சாகாது. வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பையே வேண்டாம். ஈரத் தானியத்தைக் கட்டினால் வண்டு செத்தாலும் பூஞ்சை பிடித்து முழுப் பையும் போகும்.

#16 | கணக்குப்பிள்ளை

களஞ்சியம் சொன்னதற்குப் பொருத்தமாக ஒரு திருத்தம். "அறுவடை முடிந்ததும் கட்டு" என்ற ஒப்பந்தத்திலேயே பலர் சறுக்குகிறார்கள். அறுவடை நாளிலேயே தவணை நாள் வைத்தால் வட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் விற்கும், விலை விழும். அறுவடைக்குப் பின் குறைந்தது 30 நாள், சேமிப்பு வசதி இருந்தால் 90 நாள் தள்ளுங்கள். 10,000-க்குக் கூடுதல் இரண்டு மாத வட்டி 24 சதவீதக் கணக்கில் 400. விலை 4 சதவீதம் ஏறினாலே ஈடாகிவிடும்.

#17 | வரப்பு

கூலி வேலை பற்றி #2-ல் ஒரு வரி வந்தது. அதை யாராவது விரிக்க முடியுமா? கடன் வாங்காதவருக்கு என்ன ஆகிறது?

#18 | ஏட்டுச்சுரைக்காய்

ஜாம்பியாவில் பஞ்ச மாதங்களில், பயிர் வயலில் நிற்கும்போது, பணமாகவோ மக்காச்சோளமாகவோ கடன் கொடுத்து, அறுவடைக்குப் பின் திருப்ப வைத்தார்கள். 2020-ல் வெளியானது. பசிக்காகப் பிறர் நிலத்துக்குக் கூலி போவது குறைந்து, அந்தக் கைகள் சொந்த நிலத்தில் களை எடுத்தன. விளைச்சல் கூடியது. கூலிக்கு ஆள் குறைந்ததால் ஊரில் நாட்கூலியும் ஏறியது. வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொடுத்த கடன் களைக்கொல்லி வேலை பார்த்திருக்கிறது. இதையும் "நோக்கம் மாறிய செலவு" என்று எழுதுவார்களா தெரியவில்லை.

தலைகீழ்ச் சான்று 2010 ஆந்திரா. நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு கொண்டுவந்த அக்டோபர் அவசரச் சட்டத்துக்குப் பின் வசூல் படுத்தது, நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கொடுப்பதைச் சுருக்கின. கடன் வற்றிய மாவட்டங்களில் நாட்கூலி இறங்கியது. கடன் வாங்காத கூலிக்காரரும் அதில் அடிபட்டார்.

#19 | மண்வெட்டி

இவ்வளவு பேசியும் அளவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகசூல் கூடியது என்று யார் அளந்தார்கள்?

விவசாயியிடம் கேட்டு எழுதும் கணக்கில் நிலப்பரப்பே தப்பு. சின்னத் துண்டுகளைக் கூட்டியும் பெரிய துண்டுகளைக் குறைத்தும் சொல்வது வழக்கம். பரப்பு தவறினால் ஹெக்டேர் மகசூல் எப்படிச் சரியாகும்? ஜிபிஎஸ் வைத்துச் சுற்றி நடந்து அளக்க வேண்டும். பிறகு பயிர் வெட்டு: வயலின் ஓரத்தை விட்டு உள்ளே, குலுக்கலில் விழுந்த இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு. ஓர வரிசைகள் வெயிலும் சத்தும் அதிகம் பெறும், அங்கே வெட்டினால் வயலே பொய் சொல்லும். நல்லாயிருக்கும் இடத்தில் கயிறு போடும் ஆசையை அடக்குவதுதான் பெரும்பாடு.

வெட்டி, அடித்து, தூற்றி எடை போட்டால் 12 கிலோ, ஈரம் 20 சதவீதம் என்று வையுங்கள். 14 சதவீதத்துக்குத் திருத்தினால் 12 × 80 ÷ 86 = 11.16 கிலோ. 25 சதுர மீட்டருக்கு இது, ஹெக்டேருக்கு 400 மடங்கு, ஏறத்தாழ 4,465 கிலோ. திருத்தாமல் எழுதினால் 4,800. வெறும் தண்ணீரில் 335 கிலோ "கடனால் வந்த முன்னேற்றம்" ஆகிவிடும்.

இன்னொரு ஏமாற்று: கடன் வாங்கியவர் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இரட்டிப்பாக விதைத்திருப்பார். மொத்த மூட்டை கூடும். கவனிப்பு பிரிந்து, ஹெக்டேருக்கு மகசூல் இறங்கியிருக்கலாம். அது உற்பத்தி, உற்பத்தித் திறன் அல்ல.

#20 | புதுமழை

அப்படியானால் ஒருவருக்கு எவ்வளவு கடன் சரியென்று எப்படிக் கணக்கிடுவது? நல்ல ஆண்டு வருவாயில் பாதி என்று எங்கோ படித்தேன்.

#21 | வசூல்பை

நல்ல ஆண்டை மறந்துவிடுங்கள். எதிர்பார்க்கும் விற்பனை 60,000 என்றால், மகசூல் 30 சதவீதம் குறைவு, விலை 20 சதவீதம் குறைவு என்று இரண்டும் சேர்ந்து அடித்ததாக வைத்துப் பாருங்கள்: 60,000 × 0.7 × 0.8 = 33,600. அதில் வீட்டுக்கு வைக்கும் தானியம் 12,000, அறுப்பு, அடிப்பு, வண்டிக்கூலி 6,000. மிச்சம் 15,600. பருவத்துக்கு 10 சதவீத வட்டியென்றால் 14,000 கடனுக்குத் திருப்புவது 15,400. அதுதான் வரம்பு. நல்ல ஆண்டுக் கணக்கில் 42,000 மிச்சம் காட்டும், கள அலுவலர் 30,000 எழுதிவிடுவார். விபத்து அங்கேதான் பிறக்கிறது. வேறு இடத்தில் கடன் இருந்தால் அதன் தவணையையும் இந்த 15,600-லிருந்தே கழிக்க வேண்டும்.

அந்த 14,000-ஐயும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். விதைப்புக்கு இரண்டு வாரம் முன் 8,000. முளைத்து நிற்கிறதா என்று வயலைப் பார்த்த பிறகு, 20-ம் நாளுக்குள் 6,000. முளைப்பே கெட்டிருந்தால் இரண்டாம் பகுதி நிற்கும், கடன் சுமையும் பாதியில் நிற்கும். தவணையாக மாதாமாதம் வட்டி மட்டும், சிறு தொகை. ஆள் தொடர்பில் இருக்கிறார் என்று எங்களுக்கும் தெரியும், களைக்கூலியும் தப்பும்.

#22 | மண்வெட்டி

20-ம் நாள் என்று படிவத்தில் அச்சடித்துவிடாதீர்கள். நேரடி விதைப்புக்கும் நாற்று நட்டதற்கும் நாட்கணக்கு வேறு, குளிர் கூடிய பருவத்தில் பயிர் பின்தங்கும். "முதல் மேலுரத்துக்கு ஐந்து நாள் முன்" என்று எழுதுங்கள்.

#23 | வசூல்பை

மென்பொருளில் தேதிக் கட்டம் மட்டும்தான் இருக்கிறது, பயிர்ப் பருவத்துக்குக் கட்டமில்லை. விதைத்த நாளைக் கள அலுவலர் பதிந்தால், பயிர்வாரியாக நாட்களைக் கூட்டித் தேதி போட வைக்கலாம். கேட்டுப் பார்க்கிறேன்.